பிரஸ் அழுத்தவில்லையா? ஸ்பேனரை எடுக்கும் முன்: ஹைட்ராலிக், நியூமேட்டிக் பழுது காணும் முழுமையான வழிகாட்டி

கோவை கணபதியில் புஷ் (உருளை வளையம்) அழுத்தும் ஒரு பட்டறை. அங்கிருந்த, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் 12 டன் ஹைட்ராலிக் பிரஸ் ஒரு நாள் திடீரென்று வலுவிழந்தது. ராம் (அழுத்தும் தண்டு) கீழே இறங்குகிறது, வேலையின் (அழுத்த வேண்டிய பொருளின்) மேல் உட்காருகிறது, ஆனால் அழுத்தவில்லை. "பம்ப் போய்விட்டது" என்று யாரோ சொல்ல, புதுப் பம்ப் வாங்கி மாட்டினார்கள். நிலைமை மாறவில்லை. அடுத்து சிலிண்டரை இறக்கி சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) மாற்றினார்கள். அதற்கும் பயனில்லை. மூன்று நாள் உற்பத்தி நின்றபின், அழுத்தம் அளவு மீறினால் எண்ணெயை டேங்குக்குத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வின் கூம்பு முனைக்கும் அது அமரும் விளிம்புக்கும் நடுவே ஒரு ரப்பர்த் துணுக்கு சிக்கியிருப்பது தெரிந்தது. அரிசியில் பாதி அளவுகூட இல்லை. பழைய ஹோஸின் உட்சுவரிலிருந்து உரிந்து வந்த துணுக்கு அது. அதைக் கண்டுபிடிக்க ஒரு பிரஷர் கேஜும் இருபது நிமிடமும் போதுமாக இருந்தன.

பராமரிப்பு வேலையில் நான் பார்த்த வீண்செலவுகளில் பெரும்பகுதி, அளந்து பார்க்காமல் கழற்றியதால் வந்தது. அதனால் அந்தப் பிரஸையும், அதன் பக்கத்தில் ஓடிய காற்று (நியூமேட்டிக்) லைனையும் எடுத்துக்கொண்டு, எந்தப் பாகம் என்ன செய்கிறது, எது கெட்டால் எப்படித் தெரியும், எந்த வரிசையில் தேட வேண்டும் என்று எழுதுகிறேன்.

பம்ப் தருவது ஓட்டத்தை

இது மனதில் பதிந்துவிட்டால் பாதிப் பழுதுகள் தாமாகவே விளங்கும். பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. அது எண்ணெயைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ளிய எண்ணெய்க்குத் தடை வரும்போதுதான் அழுத்தம் பிறக்கிறது. ராம் வெறுமனே இறங்கும்போது கேஜ் முள் 10, 15 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) நிற்பதும், வேலையைத் தொட்டதும் 150க்குத் தாவுவதும் இதனால்தான்.

எங்கள் பிரஸின் கணக்கைப் பாருங்கள். சிலிண்டரின் உள்விட்டம் 100 மில்லிமீட்டர். பிஸ்டனின் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். 150 பாரில் அது தரும் விசை ஏறத்தாழ 12 டன். கியர் பம்ப் ஒரு சுற்றுக்கு 16 சிசி தள்ளுகிறது. மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று. ஆக நிமிடத்துக்கு 23 லிட்டர். அந்த ஓட்டத்தில் ராம் நொடிக்கு 5 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். 30 சென்டிமீட்டர் ஸ்ட்ரோக் என்றால் 6 நொடி.

விசை, வேகம் ஆகிய இந்த இரண்டு எண்களையும் இயந்திரம் நன்றாக ஓடும் காலத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேகம் குறைந்தால் ஓட்டம் எங்கோ தொலைகிறது. விசை குறைந்தால், எண்ணெய் தடையைச் சந்திக்காமல் டேங்குக்குத் திரும்ப எங்கோ ஒரு குறுக்குவழி கிடைத்திருக்கிறது. பழுது தேடுவது என்றால் அந்தக் குறுக்குவழியைத் தேடுவதுதான்.

குறுக்குவழியில் போகும் எண்ணெய் சூடாகும் என்பது நமக்குக் கிடைக்கும் பெரிய துப்பு. பாரை, நிமிடத்துக்கு ஓடும் லிட்டரால் பெருக்கி 600ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். 150 பாரில் 23 லிட்டரும் ரிலீஃப் வால்வு வழியாகவே திரும்பினால் 5.75 கிலோவாட் வெப்பம். வீட்டுக் குளியலறையில் இருக்கும் வாட்டர் ஹீட்டர்கள் ஏறத்தாழ மூன்றை டேங்குக்குள் போட்டதற்குச் சமம். 100 லிட்டர் டேங்க் என்றால் நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் சூடு ஏறும்.

கை வைக்கும் முன்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மோட்டாரை நிறுத்தினால் அழுத்தம் போய்விட்டது என்று எண்ணக் கூடாது. மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போடுங்கள். சாவி உங்கள் பையில் இருக்கட்டும். ராமைக் கீழே இறக்கி உட்காரவையுங்கள். இறக்க முடியாவிட்டால் இரும்புத் தாங்கி கொடுங்கள். பிறகு, எண்ணெய் போகும் திசையை மாற்றும் டைரக்ஷன் வால்வின் இருபக்கக் கைமுனைகளையும் மாறி மாறி அழுத்தி, லைனில் அடைபட்டிருக்கும் அழுத்தத்தை விடுங்கள். கேஜ் பூஜ்யத்துக்கு வந்தபின்தான் ஸ்பேனர்.

சிஸ்டத்தில் அக்குமுலேட்டர் (அழுத்தத்தோடு எண்ணெயைச் சேமிக்கும் கலன்) இருந்தால் மோட்டார் நின்று பல மணி நேரம் ஆனபின்னும் அது எண்ணெயை அழுத்தத்தோடு வைத்திருக்கும். அதன் டிரெயின் வால்வைத் திறந்து காலி செய்யாமல் எந்த இணைப்பையும் தளர்த்தக் கூடாது. அதில் நைட்ரஜன் மட்டுமே நிரப்ப வேண்டும். வெல்டிங் சிலிண்டர் பக்கத்தில் இருக்கிறது என்று ஆக்சிஜன் நிரப்பினால் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும்.

ஹோஸில் ஊசித்துளை அளவு கசிவு இருந்தால் அதை விரலால் தடவித் தேடாதீர்கள். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே எண்ணெயைச் செலுத்திவிடும். வெளியில் ஒரு சிறு புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் அதிகம் இருக்காது. ஆனால் உள்ளே திசு அழுகத் தொடங்கும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். "சின்னக் காயம்தானே" என்று மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தவர்களை எனக்குத் தெரியும். கசிவைத் தேட ஒரு நீளமான அட்டைத் துண்டு போதும். காயம் பட்டால், எண்ணெய் உள்ளே பீய்ச்சியது என்ற விவரத்தை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

கண், காது, கை

டேங்கின் கண்ணாடியைப் பாருங்கள். எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள். படபடவென்று பொரிந்தால் தண்ணீர்தான். மேலே நுரை மிதந்தால் காற்று கலக்கிறது. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் நீண்ட நாள் அதிகச் சூட்டில் ஓடியிருக்கிறது. எண்ணெய் 40 முதல் 60 டிகிரிக்குள் இருப்பது நல்லது. 80 டிகிரியைத் தாண்டினால் எண்ணெய் வேகமாகக் கெடும், நைட்ரைல் ரப்பர் சீல்களும் இறுகிப்போகும்.

அடுத்து பம்பின் சத்தம். ஒரே சீராகக் கீச்சென்று ஊளையிட்டால், உறிஞ்ச எண்ணெய் கிடைக்காமல் பம்ப் திணறுகிறது. உறிஞ்சும் பக்கத்து வடிகட்டியான ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கலாம், டேங்கின் காற்றுமூடி அடைத்திருக்கலாம், எண்ணெய் அளவுக்கு மேல் கெட்டியாக இருக்கலாம். இதைத்தான் கேவிட்டேஷன் என்கிறோம். எண்ணெயில் தோன்றும் வெற்றுக் குமிழ்கள் பம்பின் அழுத்தப் பக்கத்தில் உடைந்து, உலோகத்தையே அரித்துப் பள்ளம் போடும். சத்தம் சீராக இல்லாமல், டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்குவது போல வந்தால், உறிஞ்சும் குழாயின் ஏதோ ஓர் இணைப்பில் காற்று உள்ளே போகிறது. ஒவ்வோர் இணைப்பின் மேலும் கொஞ்சம் ஹைட்ராலிக் எண்ணெய் ஊற்றிப் பாருங்கள். எந்த இடத்தில் ஊற்றும்போது சத்தம் அடங்குகிறதோ அங்கே கோளாறு. காசு செலவில்லாத சோதனை இது. பம்ப் தண்டின் சீலையும் இப்படியே பாருங்கள்.

அழுக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறிய துகள் ஏறத்தாழ 40 மைக்ரான். வால்வுக்குள் நகர்ந்து வழியை மாற்றும் தண்டான ஸ்பூலுக்கும் அதன் வீட்டுக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் எண்ணெய், வால்வுக்கு மணல் கலந்த நீராக இருக்கலாம். புதிதாகத் திறந்த பேரலின் எண்ணெயும் ஹைட்ராலிக்குக்குப் போதுமான சுத்தம் கிடையாது. 10 மைக்ரான் ஃபில்டர் வழியாகத்தான் டேங்கில் ஊற்ற வேண்டும். பட்டறை வாளியும் பனியன் துணியும் இந்த வேலைக்கு உதவாது. பனியன் துணியின் நூலிழையே போய் வால்வில் சிக்கும்.

அழுத்தம் ஏறவில்லை என்றால், இந்த வரிசையில்

முதலில், அழுத்தம் ஏற வேண்டிய நேரத்தில்தான் நீங்கள் கேஜைப் பார்க்கிறீர்களா? பல பிரஸ்களில் உள்ள 4/3 (நான்கு வாய், மூன்று நிலை) டைரக்ஷன் வால்வு, நடுநிலையில் பம்பின் எண்ணெயை நேராக டேங்குக்கு விடும். அப்போது கேஜ் ஏறக்குறைய பூஜ்யம் காட்டுவதுதான் முறை. இதைப் பழுது என்று எண்ணி ரிலீஃப் ஸ்க்ரூவை முழுதும் முறுக்கிவிட்டு, பிறகு ராமை இயக்கி ஹோஸை வெடிக்கவைத்தவர்கள் உண்டு. ஆகவே ராம் இறங்கும் கட்டளை கொடுத்து, வேலையின் மேல் உட்கார்ந்த நிலையில் பாருங்கள்.

1. எண்ணெய் மட்டம், பிறகு மோட்டார் சுற்றும் திசை. மின்வேலை நடந்த மறுநாள் பிரஸ் நின்றால் திசையைத்தான் முதலில் பாருங்கள். இரண்டு ஃபேஸ் இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், பம்ப் எண்ணெய் தள்ளாது. கியர் பம்ப் என்றால் தண்டு சீலும் பிதுங்கிவிடும். பம்பின் மேல் உள்ள அம்புக்குறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

2. மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங். மோட்டார் சுற்றுகிறது, பம்ப் தண்டு சுற்றுகிறதா? நடுவில் இருக்கும் ரப்பர் நட்சத்திரம் தேய்ந்து போயிருக்கலாம், சாவிக்கட்டை அறுந்திருக்கலாம்.

3. வால்வு உண்மையிலேயே நகர்கிறதா? வால்வை மின்சாரத்தால் நகர்த்தும் சோலனாய்டின் முனையில் இருக்கும் சிறு ஊசியை மெல்லிய கம்பியால் அழுத்துங்கள். கையால் அழுத்தினால் ராம் வேலை செய்கிறது, பட்டனால் இல்லை என்றால், பழுது மின்சாரப் பக்கம். கையால் அழுத்தியும் இல்லை என்றால் அடுத்த படிக்குப் போங்கள்.

4. இப்போது சிஸ்டத்தை இரண்டாகப் பிரியுங்கள். டைரக்ஷன் வால்வைக் கழற்றி, அதன் இடத்தில் மூடித் தகட்டை ஓ-ரிங் ரப்பர் வளையங்களோடு போல்ட் செய்யுங்கள். பம்பும் ரிலீஃப் வால்வும் கேஜும் ஒரு பக்கம் தனியாகிவிடும். ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: பம்புக்கும் மூடிய இடத்துக்கும் நடுவே ரிலீஃப் வால்வு இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பம்ப் வெடிக்கும். ரிலீஃப் ஸ்க்ரூவை முழுதும் தளர்த்திவிட்டு மோட்டாரைப் போடுங்கள். பிறகு மெல்ல மெல்ல முறுக்குங்கள்.

முள் ஒழுங்காக 150 வரை ஏறி நின்றால் பம்பும் ரிலீஃபும் நலம். கோளாறு டைரக்ஷன் வால்விலோ சிலிண்டரிலோ இருக்கிறது. முள் ஏறவில்லை என்றால் சந்தேகம் இரண்டே பாகங்களுக்குச் சுருங்கிவிட்டது. அவற்றில் கழற்றச் சுலபமானது ரிலீஃப். கூம்பு முனையில் வளையமாகக் கோடு விழுந்திருக்கிறதா, ஸ்பிரிங் ஒடிந்திருக்கிறதா, துணுக்கு எதுவும் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பிரஸின் ரப்பர்த் துணுக்கு இந்த நான்காம் படியில்தான் கிடைத்தது. அது கிடைத்தபின் ஹோஸையும் மாற்றினோம். மாற்றாவிட்டால் அடுத்த துணுக்கு அடுத்த வாரம் வந்திருக்கும்.

5. ரிலீஃபும் சுத்தம், அப்போதும் ஏறவில்லை என்றால்தான் பம்ப். தேய்ந்த பம்பைக் காட்டிக்கொடுக்க இன்னோர் அடையாளம் உண்டு. சுமையில்லாமல் ராம் அதே 6 நொடியில் இறங்கும்; அழுத்தம் ஏற ஏற வேகம் விழுந்துகொண்டே வரும். எண்ணெய் சூடானபின் இன்னும் மோசமாகும். காலையில் நன்றாக ஓடி மதியத்துக்குமேல் தளர்கிறது என்று ஆபரேட்டர் சொன்னால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ராம் தானாக இறங்குகிறது

"சீல் போய்விட்டது" என்று எல்லோரும் உடனே சொல்லும் பழுது இது. பாதி நேரம் சீல் நன்றாகவே இருக்கும்.

எங்கள் பிரஸில் தண்டு கீழ்நோக்கி இருக்கிறது. ராமின் எடையைத் தாங்குவது தண்டுப்பக்க எண்ணெய். அது தப்பிக்க இரண்டு வழி: பிஸ்டன் சீலைத் தாண்டி மேலறைக்கு, அல்லது குழாய் வழியாக டைரக்ஷன் வால்வைக் கடந்து டேங்குக்கு. ஸ்பூல் வால்வு புதிதாக இருந்தாலும் சொட்டுச் சொட்டாக விடும். அதன் அமைப்பே அப்படி. சுமையை மணிக்கணக்கில் நிறுத்த வேண்டுமானால் பைலட் செக் வால்வு (பைலட் அழுத்தம் வந்தால் மட்டுமே எண்ணெயைத் திரும்ப விடும் வால்வு) வேண்டும். அது இருந்தும் இறங்கினால் அதன் இருக்கையில் அழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜாக், லிஃப்ட் டேபிள் போலத் தண்டு மேல்நோக்கி இருந்து சுமையைத் தாங்கும் அமைப்பில் கணக்கே வேறு. இரண்டு வாயும் இறுக அடைபட்டிருந்தால், பிஸ்டன் சீல் அடியோடு போனாலும் சுமை பெரிதாக இறங்காது. தண்டு உள்ளே நுழைய வேண்டுமானால் அதன் கன அளவுக்கு எண்ணெய் வெளியேறியாக வேண்டும், வெளியேற வழியில்லை. ஆகவே அங்கே சுமை தொடர்ந்து இறங்கினால் வால்வையும் வெளிக்கசிவையும்தான் முதலில் தேட வேண்டும். இது தெரியாமல் சிலிண்டரை இறக்கி, சீல் மாற்றி, மறுபடி ஏற்றி, மறுநாளும் சுமை இறங்குவதைப் பார்த்து நொந்துபோனவர்கள் எத்தனையோ பேர்.

சீலைச் சோதிக்க, ராமை ஸ்ட்ரோக்கின் கடைசிவரை இறக்குங்கள். அழுத்தத்தை விட்டபின் தண்டுப்பக்க ஹோஸைக் கழற்றி ஹோஸின் வாயை பிளக் போட்டு மூடுங்கள். சிலிண்டரின் வாய் திறந்திருக்கட்டும், கீழே ஒரு தட்டு வையுங்கள். ரிலீஃபை 50 பாருக்குக் குறைத்து, எட்ட நின்று, இறங்கும் கட்டளை கொடுங்கள். முதலில் கொஞ்சம் எண்ணெய் வழியும். பிறகு நின்றுவிட்டால் சீல் நலம். ஒழுகிக்கொண்டே இருந்தால் இப்போது சிலிண்டரை இறக்கலாம். இறக்கியபின் சீலை மட்டும் மாற்றிவிட்டு மூடாதீர்கள். பேரலின் உட்சுவரில் விரல்நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தால் புதுச் சீலும் சில வாரத்தில் போய்விடும்.

சோலனாய்டு காயில் அடிக்கடி எரிகிறது

230 வோல்ட் ஏசி காயில் என்றால் காரணம் பெரும்பாலும் ஸ்பூல் சிக்குவதுதான். ஆர்மேச்சர் முழுதும் உள்ளே போகும்வரை ஏசி காயில் பலமடங்கு மின்னோட்டம் இழுக்கும். அழுக்கால் ஸ்பூல் பாதியில் நின்றால் அந்த மின்னோட்டம் குறையாமல் நீடித்துக் காயில் எரியும். காயிலை மட்டும் மாற்றினால் அதுவும் எரியும். வால்வைச் சுத்தம் செய்யுங்கள், எண்ணெயைப் பாருங்கள். 24 வோல்ட் டிசி காயிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. மின்சாரம் வருகிறதா என்று அறிய, ஸ்க்ரூடிரைவர் நுனியைக் காயிலின் வெளிமுனையில் உள்ள நட்டின் மேல் (கம்பி இணையும் முனையில் அல்ல) வையுங்கள், காந்தம் போல் இழுக்கும். மின்சாரம் இருக்கும்போது ஏசி காயிலை வால்விலிருந்து உருவாதீர்கள், நொடியில் புகைந்துவிடும்.

காற்று லைன்

காற்றும் அதே விதிப்படிதான் நடக்கிறது, ஆனால் அழுத்தினால் சுருங்கும். 50 மில்லிமீட்டர் சிலிண்டர் 6 பாரில் 120 கிலோ விசை தரும். சுருங்கிய காற்று விரியத் துடித்துக்கொண்டே இருப்பதால், சிக்கிய சிலிண்டர் விடுபடும்போது சீறிப் பாயும். லைனை மூடிக் காற்றை வெளியேற்றாமல் கை விடக் கூடாது. காற்று லைனுக்குப் பிவிசி குழாய் போடுவதும் தவறு. அது விரிசல் விட்டு நிற்காது, கத்தித் துண்டுகளாகச் சிதறும்.

காற்று லைனின் முதல் எதிரி தண்ணீர். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 80 விழுக்காடு உள்ள மழைநாளில் அதில் 24 கிராம் இருக்கும். கேஜில் 7 பார் வர, கம்ப்ரசர் எட்டு கனமீட்டரை ஒன்றாகச் சுருக்குகிறது. எட்டிலும் சேர்த்து 192 கிராம். ஆறியபின் அந்த ஒரு கனமீட்டர் தாங்குவதோ 30 கிராம். மீதி 160 கிராமுக்கு மேல் தண்ணீராகக் கொட்டும். டேங்கின் டிரெயினைத் தினமும் திறக்கச் சொல்வது இதற்காகத்தான். மெயின் குழாய்க்குச் சரிவு கொடுங்கள். கிளைக்குழாயை மெயினின் மேற்புறத்திலிருந்து வளைத்து எடுங்கள். அடிப்புறத்திலிருந்து எடுத்தால் தண்ணீர் நேராக வால்வுக்கு வரும்.

சிலிண்டர் மெதுவாகப் போகிறது என்றால், காற்று வெளியேறும் எக்ஸாஸ்ட் வாயில் இருக்கும் வெண்கல சைலன்சரைக் கழற்றிவிட்டு ஒருமுறை இயக்கிப் பாருங்கள். எண்ணெயும் தூசும் சேர்ந்து அதை அடைத்திருக்கும். நான் பார்த்த "மெதுவான சிலிண்டர்"களில் இதனால் சரியானவை நிறைய. அதில் இல்லையென்றால், சிலிண்டர் நகரும்போது ரெகுலேட்டர் கேஜைக் கவனியுங்கள். நிற்கும்போது 6, நகரும்போது 3 என்று விழுந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது ட்யூப் ஒல்லியாக இருக்கிறது. அழுத்தத்தைக் கூட்டுவது இதற்கு மருந்தாகாது. குதித்துக் குதித்து நகர்ந்தால் ஸ்பீடு கண்ட்ரோலர் வெளியேறும் காற்றைக் கட்டுப்படுத்தும்படி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

5/2 (ஐந்து வாய், இரண்டு நிலை) வால்வின் எக்ஸாஸ்டில் ஓயாமல் காற்று சீறினால், வால்வா சிலிண்டரா என்ற கேள்வி வரும். ஸ்ட்ரோக் முடிந்து நிற்கும் நிலையில், காற்றை மூடிவிட்டு, சிலிண்டரின் அழுத்தமில்லாத பக்க ட்யூபைக் கழற்றுங்கள். மறுபடி காற்றைத் திறங்கள். சிலிண்டர் வாயிலிருந்து காற்று வந்தால் பிஸ்டன் சீல். அங்கே அமைதி, எக்ஸாஸ்டில் சீறல் தொடர்கிறது என்றால் வால்வு.

ஃபில்டரின் கண்ணாடி போன்ற கிண்ணம் பாலிகார்பனேட். அதைத் தின்னரிலோ மண்ணெண்ணெயிலோ கழுவினால் மயிரிழை விரிசல் விட்டு, பிறகு அழுத்தத்தில் வெடிக்கும். சோப்புத் தண்ணீர் மட்டும் போதும். காற்றில் எண்ணெய் கலக்கும் லூப்ரிகேட்டர் விஷயத்தில், கிரீஸோடு வரும் இக்காலச் சிலிண்டர்களுக்கு எண்ணெய் தேவையில்லை. ஆனால் ஒருமுறை எண்ணெய் கொடுக்கத் தொடங்கினால் முதலில் இருந்த கிரீஸ் கழுவிப்போகும். பிறகு நிறுத்தக் கூடாது.

கடைசியாகக் கசிவு. 7 பாரில் 3 மில்லிமீட்டர் துளை நொடிக்கு ஏறத்தாழ 10 லிட்டர் காற்றை விழுங்கும். அதை ஈடுகட்டக் கம்ப்ரசர் 3 முதல் 4 கிலோவாட் செலவழிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, எல்லா இயந்திரமும் நிற்கும்போது கம்ப்ரசரை மட்டும் ஓடவிடுங்கள். அது எவ்வளவு நேரம் காற்று ஏற்றுகிறது, எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்று நான்கைந்து முறை குறியுங்கள். இரண்டு நிமிடம் ஏற்றி ஆறு நிமிடம் நின்றால், எட்டில் இரண்டு, அதாவது 25 விழுக்காடு காற்று கசிவுக்கே போகிறது. பிறகு சோப்புத் தண்ணீரும் பிரஷும் எடுத்துக்கொண்டு குவிக் கப்ளிங்குகளில் தொடங்குங்கள். அடுத்து ஹோஸ் கிளிப்கள், ஃபில்டர் கிண்ணங்களின் டிரெயின்கள். நுரை பொங்கும் இடத்தில் சாக்கட்டியால் குறி போட்டு, அடுத்த ஞாயிறு அதே கணக்கை மறுபடி எடுங்கள்.